குறை சொல்லி விற்ற கார்
புதுப்பேட்டையில் ஒன்பது நாட்கள்

சென்னை எழும்பூர் புகைவண்டி நிலையத்திலிருந்து கூவம் ஆற்றை நோக்கி நடந்தால், சிறிது தூரத்தில் நகரின் ஓசை மாறிவிடுகிறது. சுத்தியல் தகரத்தில் விழும் ஓசை, கட்டிங் மிஷின் இரும்பை அறுக்கும் ஓசை, எங்கோ ஓர் இன்ஜின் உறுமி அடங்கும் ஓசை. அதுதான் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையிலும், ஆற்றோரமாகச் செல்லும் லாங்ஸ் கார்டன் சாலையிலும், அவற்றினின்றும் பிரியும் சந்துகளிலும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு கடையில் கதவுகள் மட்டும்; அடுத்த கடையில் கண்ணாடிகள் மட்டும்; அதற்கடுத்த கடையில் கியர் பாக்ஸ்கள், அடுக்கி வைத்த பலாப்பழங்களைப் போல. ஓட்டம் முடிந்த வாகனங்கள் இங்கே பிரிக்கப்படுகின்றன. ஓட வேண்டிய வாகனங்கள் இங்கிருந்தே உயிர் பெறுகின்றன.

மோட்டார்த் தொழில் சென்னைக்குப் புதியதன்று. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டு கார்களைச் செய்தது. 1980-களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றுபோனது. பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, பல பத்தாண்டுகளாகக் கார்களுக்கான மின் சாதனங்களைச் செய்து வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் தன் முதல் காரை வெளியிட்டது. புதிய கார்கள் பிறக்கும் ஊரில் பழைய கார்களுக்கு மருத்துவச்சாலை ஒன்றும் வேண்டுமல்லவா? அந்த இடத்தைப் புதுப்பேட்டை வகிக்கிறது.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்பது நாட்கள் அங்கே தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பரங்கிப்பேட்டையில் வாழும் எங்கள் உம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மாதம் ஒருமுறை புதுச்சேரிக்கு வைத்தியத்திற்குச் செல்ல வேண்டும். பேருந்துப் படிகளில் ஏற இயலவில்லை. தாழ்ந்த இருக்கையுள்ள இன்றைய சிறு கார்களில் குனிந்து நுழைவதும் சிரமம். கதவு அகலமாகவும் இருக்கை உயரமாகவும் உள்ள பழைய அம்பாசிடர் ஒன்று கிடைத்தால் நலம் என்று வீட்டார் கூடி முடிவெடுத்தோம். 1989-ஆம் ஆண்டு மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி ஒன்று புரசைவாக்கத்தில் விலைக்கு வந்தது.

பதினொரு குறைகள்

விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். விலை பேசுவதற்கு முன்பே, கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் 1 முதல் 11 வரை எண்ணிட்டு வண்டியின் குறைகளை எழுதியிருந்தார். "பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது. மேட்டில் ஏறும்போது இழுவை போதவில்லை. டயர்கள் பழையவை. மழையில் வலது ஹெட்லைட் அணைந்துவிடும்" என்று வரிசையாக வந்தது பட்டியல். "படித்துப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள் தம்பி. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

பழைய பொருளை விற்பவர் அதன் குறையை எடுத்துக் கூற வேண்டும் என்பதும், மறைத்து விற்பது மோசடி என்பதும் நம் மார்க்கம் வணிகர்களுக்கு விதித்த ஒழுக்கம். அதை ஏட்டில் படித்திருக்கிறோம். ஏட்டில் எழுதியே கையில் கொடுத்தவரை அன்றுதான் கண்டேன். மறு பேச்சின்றி விலை படிந்தது. வண்டியை நேரே புதுப்பேட்டைக்கு ஓட்டி வந்தோம். உடன் வந்தவர் என் மச்சான்.

அம்பாசிடரைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவத்தை எடுத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் இதனைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் அத்தொழிற்சாலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அத்துடன் அம்பாசிடரின் நீண்ட வரலாறும் முடிந்தது. எங்கள் வண்டியில் உள்ளது 1489 சி.சி. இன்ஜின். நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல், கணினி எதுவும் இல்லை. ஸ்பேனரும் பொறுமையும் உள்ளவர் பழுது பார்த்துவிடலாம். உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகியும் உதிரிப் பாகம் கிடைப்பதற்குக் காரணம் புதுப்பேட்டை போன்ற சந்தைகளே.

முதலில் எது?

மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஆசிரியரின் தாளை இருமுறை படித்தார்.

"எவ்வளவு வெச்சிருக்கீங்க பாய்?"

"எழுபதாயிரம் அண்ணே. அதுக்கு மேல இப்போ முடியாது."

"அப்போ பெயிண்ட்டை மறந்துடுங்க. பெயிண்ட்டு அடிச்சா பாக்க நல்லா இருக்கும். நிக்குமா நிக்காதான்னு பெயிண்ட்டுக்குத் தெரியாது."

மச்சானுக்கு இது உவப்பாயில்லை. அடுத்த மாதம் அவர் தங்கை மகளின் நிக்காஹ். மணமகனை அழைத்து வர இந்த வண்டியே போக வேண்டும் என்று நினைத்திருந்தார். முதலில் வண்ணம், மற்றவை மெல்ல மெல்ல என்பது அவர் கட்சி. பேச்சு முற்றியபோது உம்மாவுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னோம். அவர் தயங்கவேயில்லை. "மினுமினுப்பு எதுக்கு தம்பி? நிக்கச் சொன்னா நிக்கணும். ஏறி உக்கார்றது நான்தானே" என்றார். அத்துடன் வழக்கு தீர்ந்தது.

மெக்கானிக் வகுத்த வரிசை எளிமையானது. முதலில் நிறுத்துவது, அடுத்துத் திருப்புவது, பிறகு ஓட்டுவது, கடைசியில் அழகு. அதாவது பிரேக், ஸ்டியரிங், இன்ஜின், பெயிண்ட். பழைய கார் வாங்கும் எவரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க வரிசை இது.

நான்கு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் டிரம்களைத் திறந்தார்கள். இடது பின்சக்கரச் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருந்தது. ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டினால் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் பாதை. எங்கேனும் ஓரிடத்தில் ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். ஆகவே கசிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், எல்லாச் சக்கரங்களின் ரப்பர்களையும் குழாய்களையும் மாற்றச் சொன்னார். பிரேக் ஆயிலையும் முழுவதுமாக வடித்துப் புதிதாக ஊற்றினார்கள். பிரேக் ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. ஈரம் ஏறிய ஆயில், தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூட்டில் ஆவியாகிக் குமிழியிடும். மிதித்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும். கடலோர ஊர்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸ்டியரிங் மூட்டுகளில் இரண்டு தேய்ந்திருந்தன. மாற்றினார்கள். கிரீஸ் நிப்பிள்கள் பல அழுக்கால் அடைபட்டிருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புது கிரீஸை ஏற்றினார்கள். இன்றைய கார்களில் இவ்வேலை அனேகமாக இல்லை. பழைய வண்டிகளுக்கோ இதுவே உணவு.

இழுவை எங்கே போயிற்று?

மேட்டில் இழுக்கவில்லை என்றால் "இன்ஜினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்கள் உண்டு. எங்கள் மெக்கானிக் அவ்வாறு சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்திப் பார்த்தார். முதல் மூன்றில் 120, 118, 115 என்று காட்டியது. நான்காவதில் 85 மட்டுமே. அந்தச் சிலிண்டரில் சில சொட்டு இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்தார்; 88. "ரிங்கு தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் நல்லா ஏறியிருக்கும். ஏறலை. அப்போ வால்வுதான்" என்றார்.

ஹெட்டைக் கழற்றியபோது அவர் சொன்னது மெய்யாயிற்று. நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் கருகிச் சிதைந்திருந்தது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் எங்கும் ஈயம் நீக்கிய பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின், குறிப்பாகக் குழந்தைகளின், நலத்திற்கு அது பெரும் நன்மை. ஆனால் அதற்கு முந்தைய சில இன்ஜின்களில், பெட்ரோலிலிருந்த ஈயமே வால்வு அமரும் இடத்திற்குக் காப்பாக இருந்தது. ஈயம் போனபின் அவ்விடம் மெல்லத் தேய்கிறது. லேத் பட்டறையில் கடினமான புதிய சீட் பொருத்தி, வால்வுகளை மாற்றி, ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்தால் தீர்ந்தது. முழு இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆயிற்று. அளந்து பார்த்த அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தியது.

பெட்ரோலைப் பற்றி இன்னொரு செய்தி. 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை நாடு 2025-ல் எட்டியது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையல்ல. உப்பிப் பிளந்து பெட்ரோல் கசியலாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவதே நலம், செலவும் அதிகமில்லை.

மழையில் அணையும் ஹெட்லைட்டின் நோய் மிகச் சிறியது. எர்த் கம்பி பாடியுடன் சேரும் இடத்தில் துரு. உப்புத்தாள் தேய்த்து முறுக்கியதும் ஒளி வந்தது. பழைய கார்களின் மின் கோளாறுகளில் பல, எர்த் கோளாறே என்றார் எலக்ட்ரீஷியன்.

பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது

ஐந்தாம் நாள். தரை விரிப்பை எடுத்துவிட்டு அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே வந்த டிங்கர், ஓட்டுநர் இருக்கையின் கீழே சுத்தியலை நிறுத்தினார். ஓசை மந்தமாக இருந்தது. தார் ஷீட்டை உரித்தார். உள்ளே தகரம் இல்லை. துருவும் ஓட்டையும்தான் இருந்தன.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. பாடியே சட்டம். தரையின் கீழுள்ள பெட்டி வடிவான பகுதிகளே எடையைத் தாங்குகின்றன. அங்கே துரு என்றால் அது அழகுக் குறையன்று, பலத்தின் குறை.

மச்சானுக்குக் கோபம் பொங்கிற்று. "பதினொன்றைச் சொல்லிப் பன்னிரண்டாவதை மறைத்துவிட்டார்! நம்மை நம்ப வைக்கத்தான் அந்தத் தாள்" என்றார். அருகிலிருந்த ஒருவர் வேறு யோசனை சொன்னார்: "மேல பட்டி வெச்சு, ஷீட்டை ஒட்டி, பெயிண்ட் அடிச்சு வித்துடுங்க. வாங்கினதைவிட இருபதாயிரம் கூடவே போகும்."

ஒரு கணம் அங்கே அமைதி நிலவியது. இருபதாயிரம் சிறிய தொகையன்று. ஆனால் அந்த வண்டியில் நாளை ஏறப்போவது வேறொரு வீட்டு உம்மா. கோபத்திலிருந்த மச்சானே முதலில் வாய் திறந்தார். "அந்தக் காசு நமக்கு வேண்டாம்" என்றார்.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. மெக்கானிக் உரித்த தார் ஷீட்டைப் புரட்டிக் காட்டினார். அது இறுகிப்போய், ஓரங்களில் பல அடுக்குப் பழைய பெயிண்ட் படிந்திருந்தது. "இது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒட்டினது பாய். சாருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்லை" என்றார். ஆசிரியர் அந்த வண்டியின் மூன்றாவது உரிமையாளர்.

"தெரியாவிட்டாலும் விற்றது நான்தானே? சரி செய்ய என்ன ஆகும்?" என்று கேட்டார் அவர். ஒன்பதாயிரம் என்றார் டிங்கர். முழுத் தொகையையும் எடுத்து நீட்டினார்.

வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். அதை அந்த ஆசிரியர் படித்திருக்கமாட்டார். அவருடைய மனச்சாட்சி படித்திருந்தது. முழுத் தொகையை ஏற்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. எதையும் ஏற்காவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. பாதியாக 4,500 ரூபாயைப் பெற்றுக்கொண்டோம். சற்று முன் அவரை ஏசிய மச்சான், தேநீர் வாங்கிவந்து தம் கையாலேயே கொடுத்தார். அசருக்குப் பாங்கு சொல்லும் வரை இருவரும் பழைய கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர்.

துருப்பிடித்த பகுதியை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கி வைத்தார்கள். வெல்டிங்கின்போது இவ்விரண்டையும் கண்டிப்பாகக் கேட்டுச் செய்யுங்கள்.

சந்தையில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதை என்று தெரிந்து வாங்க வேண்டும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர், கிரில், மீட்டர் முதலியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பிரேக் ரப்பர், லைனிங், பேரிங், பெல்ட், டயர் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. அவற்றுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது உதிரிப் பாகக் கடைகள் உள்ளன. எங்கு வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில், அப்பொருள் எவருடைய கண்ணீரோடு வந்ததோ நாம் அறியோம்.

எங்கள் செலவு விவரம், இவ்வழி வருவோருக்குப் பயன்படலாம்: பிரேக் 11,500 ரூபாய், ஹெட், வால்வு வேலை 14,000, தரை வெல்டிங் 9,000, நான்கு டயர்கள் 18,000, ரேடியேட்டரும் குழாய்களும் 6,500, மின் வேலை 3,800, ஸ்டியரிங், கிரீஸ் 5,700. ஆக 68,500 ரூபாய். பெயிண்ட் செலவு இல்லை. ஆசிரியர் தந்த தொகை போக, எங்கள் கையிலிருந்து சென்றது 64,000.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை பாடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக உள்ளது என்று பொருள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 0815 என்றால் 2015-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்யப்பட்டது. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. ஆகவே இருக்கைக்கு அடியிலும் சீட் பெல்ட்டின் உள்மடிப்பிலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு மாற்றத்திற்கும் விண்ணப்பிக்க வேண்டும். காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-ல் அது 10,000 ஆயிற்று. விலை பேசும்போது இதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பாதை

ஒன்பதாம் நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டோம். 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பயணம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்பது மெக்கானிக்கின் கட்டளை. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாயிருந்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது என்று அறியலாம். மாமல்லபுரம் கடந்து, மரக்காணத்தின் உப்பளங்கள் காலை வெயிலில் வெள்ளையாய் மின்ன, புதுச்சேரி, கடலூர் வழியாக வந்தோம். எந்தச் சக்கரமும் தனித்துச் சூடாகவில்லை. மேடு வந்தபோது இன்ஜின் முனகவுமில்லை.

அடுத்த மாத நிக்காஹுக்கு மணமகன் மங்கிய வெள்ளை வண்டியில்தான் வந்தார். மல்லிகைச் சரம் சுற்றியிருந்ததால் எவரும் பெயிண்ட்டைக் கவனிக்கவில்லை. உம்மா இப்போது மாதந்தோறும் முன்னிருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து புதுச்சேரி சென்று வருகிறார்.

ஆசிரியரின் தாளை நாங்கள் எறிந்துவிடவில்லை. ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதனை ஒட்டி, ஒவ்வொரு குறையின் எதிரிலும் தீர்ந்த தேதியை எழுதியுள்ளோம். பன்னிரண்டாவதை நாங்களே சேர்த்தோம். அதன் பின் வரும் பக்கங்களில் ஆயில் மாற்றிய நாள், கிரீஸ் அடித்த நாள், புதிதாகத் தோன்றும் குறைகள் எல்லாம் பதிவாகின்றன. என்றேனும் இந்த வண்டியை விற்க நேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், சாவியோடு அந்த நோட்டையும் சேர்த்தே கொடுப்போம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று இருந்தால், இன்றே ஒரு நோட்டை வாங்கி அதன் குறைகளை எழுதத் தொடங்குங்கள்.